வேன் ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதா?

பழைய கார்புரேட்டர் ஆம்னி வேனில் சரக்கு எடுக்கும் வியாபாரிகள் கவனத்திற்கு: எஞ்சின் உதறி, மேட்டில் இழுக்காவிட்டால் பிளக், வயர், கார்புரேட்டர் என எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டாம். முதலில் மெக்கானிக்கிடம் இவ்வாறு பார்க்கச் சொல்லுங்கள்.

1. எஞ்சின் ஓடும்போது ரப்பர் பிடியுள்ள குறடால் மூன்று பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். எதைக் கழற்றினாலும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஓடவில்லை.

2. எஞ்சின் ஆறியபின் அதன் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். பழுதும் கூடவே இடம் மாறினால் புதுப் பிளக் போதும். இல்லையேல் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்க்க வேண்டும்.

3. அவையும் சரியென்றால் கம்ப்ரஷன் சோதனை அவசியம். பிளக்கில் எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஓடாத சிலிண்டருக்கும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். நாள் கடத்தினால் நஷ்டம் நமக்கே.