மூளையின் புறநிழல்

நுழையும்முன்

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்பது விதி. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறையைத் தொடாதிருக்கவே அந்த ஏற்பாடு. மனித மூளையில் அத்தகைய இடைவெளி இல்லை. பக்கவாதத்தின்போது ஒரு செல்லின் அழிவு அண்டைச் செல்லையும் பற்றுகிறது. அவ்வழிவு எவ்வாறு பரவுகிறது, எங்கே அதனைத் தடுக்கலாம் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு வைகறை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து. வெடிக்குள் செலுத்துவதும் மருந்து. வெயில் ஏறுமுன் மருந்துக் கலவைப் பணியை முடிக்க வேண்டியிருப்பதால், தொழிலாளர் வீடுகளில் வைகறையிலேயே அடுப்பு எரியும். அத்தகைய வீடொன்றில், வேலைக்குப் புறப்படும் ஐம்பது வயதுத் தொழிலாளியின் கையிலிருந்து தூக்குவாளி நழுவி விழுகிறது எனக் கொள்வோம். வலக்கை எழவில்லை, வாய் ஒருபுறம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. "கை கால் இழுத்துவிட்டதே!" என்று வீட்டார் பதறுகின்றனர். ஆனால், அவருக்கு வலி இல்லை. வலி இல்லாததாலேயே, சற்றுப் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்னும் எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணமே நோயினும் கொடிய பகையாகிறது.

செல் மடியும் முறை

மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள உறுப்பு. ஆயினும், ஓய்வாக இருக்கும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாளை வேண்டும் என்று அது சேமித்து வைப்பதும் மிகக் குறைவு. எனவே, குருதிக்குழாய் ஒன்றைக் கட்டி அடைத்த சில நிமிடங்களிலேயே அப்பகுதியின் நரம்புச் செல்கள் ஆற்றலின்றித் தவிக்கின்றன.

ஒவ்வொரு நரம்புச் செல்லும் தன் உறையின் வழியே சோடியத்தை வெளியேற்றியும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தும் சமநிலை காக்கிறது. ஆற்றல் தீர்ந்ததும் இப்பணி நின்றுபோகிறது. சோடியமும் அதனைத் தொடர்ந்து நீரும் உட்புகச் செல் வீங்குகிறது. அப்போது அது குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை அளவின்றி வெளியிடுகிறது. இயல்பான அளவில் செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் இப்பொருள், மிகும்போது நஞ்சாகிறது. அது அண்டைச் செல்லின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் வெள்ளமெனப் பாய்கிறது. கால்சியம் தூண்டிய நொதிகள் செல்லின் புரதங்களையும் உறையையும் சிதைக்கின்றன. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் பழுதடைகிறது. சரவெடியில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைப்பதுபோல் அழிவு தொடர்கிறது.

சில செல்கள் வீங்கி வெடித்து மடிகின்றன. வேறு சில, சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து, தமக்குள்ளேயே எழுதப்பட்டுள்ள கட்டளைப்படி ஒடுங்கி மடிகின்றன. இவ்விரண்டாம் வகைக்கு 1972ஆம் ஆண்டு அறிவியலாளர் சூட்டிய பெயர் 'அப்போப்டோசிஸ்'. இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

புறநிழல்

அடைப்பின் நடுப்பகுதியில் உள்ள செல்கள் விரைவில் மடிகின்றன. அதனைச் சூழ்ந்துள்ள பகுதிக்கோ அண்டைக் குழாய்களிலிருந்து சிறிதளவு குருதி கசிந்து வருகிறது. அங்குள்ள செல்கள் பணி செய்வதை நிறுத்தியிருக்கும், உயிரை இழந்திருக்கமாட்டா. கிரகணத்தில் கருநிழலைச் சூழ்ந்து புறநிழல் அமைவதுபோல் இது அமைவதால், ஆய்வாளர்கள் இப்பகுதியைப் புறநிழல் என்றே அழைத்தனர். மருத்துவத்தின் முழு நம்பிக்கையும் இப்புறநிழலில்தான் உள்ளது. குருதி மீண்டும் பாய்ந்தால் அச்செல்கள் பிழைக்கும். தாமதித்தால் புறநிழலும் கருநிழலாகும்.

தெரிந்து தெளிவோம்

பெரிய குருதிக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை இல்லையேல் நிமிடத்திற்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்புச் செல்கள் அழியும் என 2006ஆம் ஆண்டு ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். இக்கணக்கின்படி ஒரு மணி நேரத் தாமதத்தின் விலை 11 கோடியே 40 இலட்சம் செல்கள்.

மருந்தும் நேரமும்

கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தின் பயனை 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது. அப்போது 3 மணி நேரமாக இருந்த கால எல்லை, 2008ஆம் ஆண்டு ஆய்வுக்குப்பின் நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாயில் சிக்கிய கட்டியை மெல்லிய குழல் செலுத்தி வெளியே இழுக்கும் முறை 2015இல் உறுதிப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன் தருகிறது.

இவற்றுக்குமுன் சிடி ஸ்கேன் இன்றியமையாதது. பக்கவாதம் அடைப்பால் மட்டுமன்றிக் குருதிக்கசிவாலும் வரும். கசிவுள்ளவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து உயிருக்கே தீங்காகும். வீட்டிலேயே மாத்திரை தருதல் கூடாது என்பதும் இதனாலேயே. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும் என்பதால் தண்ணீரும் புகட்டலாகாது. புறா இரத்தம் பூசுவது போன்ற பழைய வழக்கங்கள் புறநிழலுக்குரிய நேரத்தையே பறிக்கின்றன.

தமிழ்நாட்டில் பக்கவாதத்தை ஊர்தோறும் சென்று கணக்கெடுத்த முன்னோடி ஆய்வொன்று வேலூர் வட்டாரத்தில் நிகழ்ந்து 1970இல் வெளியானது. 2008ஆம் ஆண்டு முதல் 108 அவசர ஊர்தி மாநிலத்தில் இயங்குகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பக்கவாதத்தின் தலையாய காரணமான உயர் இரத்த அழுத்தத்திற்கு வீடு தேடி மருந்து தருகிறது. 2022 சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

இத்தனை ஏற்பாடுகளும் பயன்பட ஒருவர் விழித்துக்கொள்ள வேண்டும். வாய் கோணுகிறதா, இரு கைகளும் சமமாக உயர்கின்றனவா, பேச்சு தெளிவாக உள்ளதா என்னும் மூன்று வினாக்களுக்கு அரை நிமிடம் போதும். ஒன்றில் குறை இருப்பினும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழைத்தல் வேண்டும். வைகறையில் தூக்குவாளி விழுந்த ஓசையை முதலில் கேட்பவர், பள்ளிக்குப் புறப்படும் மகளாகவோ மகனாகவோ இருக்கலாம். தந்தையின் கை மீண்டும் எழுவது அவர்கள் அறிந்திருப்பதைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்...

1. பக்கவாத அறிகுறிகளை விளக்கும் சுவரொட்டி ஒன்றைத் தமிழில் உருவாக்கி, ஊர் மக்கள் கூடும் இடத்தில் காட்சிப்படுத்துக.
2. 'புறநிழல்', 'கருநிழல்' போன்று உவமையால் பிறந்த அறிவியல் கலைச்சொற்களைத் தொகுக்க.