"மேடம், எப்ப சரியாகும்?"

டெக்னிக்கல் அக்கவுண்ட் மேனேஜர் வேலைக்குத் தேர்வாகிவிட்டாய். சந்தோஷம். வேலை விவரத்தைப் படித்துவிட்டு "அக்கா, இதுல ஒண்ணுமே புரியலையே" என்றாயே, அதை எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஒரு வங்கியோ ஆன்லைன் கடையோ கிளவுட் கம்பெனியிடம் பெரிய சப்போர்ட் திட்டம் வாங்கினால், "இனி இவர்தான் உங்கள் ஆள்" என்று ஒருவரைக் கைகாட்டுவார்கள். அந்த ஆள் நீ. அமேசானிலும் கூகுளிலும் டாம் என்பார்கள். மைக்ரோசாஃப்டில் இதற்கு நெருக்கமான வேலைக்குக் கஸ்டமர் சக்சஸ் அக்கவுண்ட் மேனேஜர் என்று பெயர். சம்பளம் கொடுப்பது கிளவுட் கம்பெனி, ஆனால் நீ நியாயம் கேட்க வேண்டியது கஸ்டமருக்காக. பக்கத்து நாற்காலியில் சேல்ஸ்காரர் இருப்பார். அவருக்கு டார்கெட் உண்டு. உனக்குப் பொதுவாக இருக்காது. "இவள் நமக்கு எதையும் விற்க வரவில்லை" என்று கஸ்டமர் நம்புகிற வரைதான் உன் பேச்சுக்கு மதிப்பு. நான் பழகியது அமேசான் பக்கம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். மற்ற இடங்களில் பெயர்கள் மாறும், சங்கதி மாறாது.

பில்லில் ஆரம்பி

புது கஸ்டமரிடம் போனதும் எல்லோரும் ஆர்க்கிடெக்சர் படம்தான் கேட்பார்கள். அது யாரோ எப்போதோ வரைந்து வைத்தது. நீ கடைசி மூன்று மாதப் பில்லைக் கேள். என்ன ஓடுகிறது, யாருக்கும் நினைவில்லாமல் என்னவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இரண்டுமே அதில் தெரிந்துவிடும்.

முதலில் பழைய வெர்ஷன்களைத் தேடு. குபர்னெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றுக்கு மணிக்கு 0.10 டாலர் கட்டணம். அந்த வெர்ஷனின் 14 மாத சாதாரண சப்போர்ட் காலம் முடிந்தும் அப்கிரேடு செய்யாமல் விட்டால் அதுவே 0.60 டாலர். மாதம் 73 டாலர் இருந்த இடத்தில் 438 டாலர். டெஸ்டிங்குக்கு என்று பத்து கிளஸ்டர் வைத்திருக்கிற கம்பெனிகள் உண்டு, கணக்குப் போட்டுக்கொள். மைஎஸ்க்யூஎல் 5.7-இல் உட்கார்ந்திருக்கும் டேட்டாபேஸ்களுக்கும் 2024 மார்ச்சிலிருந்து இதே மாதிரி கூடுதல் கட்டணம் விழுகிறது. அதே வருஷம் பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட். சின்னத் தொகைதானே என்று விடாதே. 200 முகவரி சும்மா கிடந்தால் மாதம் 730 டாலர் போகும்.

அடுத்து டிஸ்க். ஜிபி2 என்று இருந்தால் ஜிபி3-க்கு மாற்றச் சொல். ஒரு கிகாபைட்டுக்கு 20 சதவீதம் குறைவு, சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். எஸ்3-க்குப் போகிற டேட்டா எல்லாம் நாட் கேட்வே வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறதா என்றும் பார். அங்கே ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் காசு. எஸ்3-க்கு ஒரு கேட்வே எண்ட்பாயிண்ட் போட்டால் அந்தச் செலவு அப்படியே நின்றுவிடும், எண்ட்பாயிண்டுக்குக் கட்டணமும் கிடையாது.

சேவிங்ஸ் பிளான் பற்றிப் பேசும்போது மட்டும் அவசரப்படாதே. ஒரு வருஷமோ மூன்று வருஷமோ ஒப்புக்கொண்டால் நல்ல தள்ளுபடி என்பது உண்மை. ஆனால் தேவைக்கு மேல் பெரிய சர்வர்களை வைத்துக்கொண்டு அதே அளவுக்கு ஒப்பந்தம் போட்டால், வீண் செலவுக்குத் தள்ளுபடி வாங்கின கதைதான். முதலில் சர்வரின் அளவைக் குறைக்க வேண்டும், பிறகுதான் கையெழுத்து. மாதக் கடைசியில் சேல்ஸ்காரர் இந்த வரிசையைத் திருப்பிப் போடப் பார்ப்பார். கஸ்டமர் முன்னால் சண்டை வேண்டாம். மீட்டிங்குக்கு முன்பே அவரிடம் தனியாகச் சொல்லிவிடு. கம்பெனியின் வருமானத்தை நீயே குறைக்கிறாயே என்று யாராவது கேட்டால், இந்த வருஷம் மிச்சம் பிடித்துக் கொடுத்தவளிடம்தான் அடுத்த வருஷம் புது வேலையைக் கொண்டுவருவார்கள் என்று பதில் சொல். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

விழுந்த அன்றைக்கு

இந்த வேலையின் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிடலாம். சர்வீஸ் விழுந்து, பிரிட்ஜ் காலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, கஸ்டமரின் சி.டி.ஓ. "மேடம், எப்ப சரியாகும்?" என்று கேட்கிற அந்த நேரத்துக்குத்தான் தனியாகத் தயாராக வேண்டும்.

தெரியாத நேரத்தைச் சொல்லாதே. "இன்னும் அரை மணி நேரத்தில்" என்று வாயில் வரும். வந்தால் அடக்கு. இப்போது என்ன தெரியும், எந்த டீம் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்து நான் எத்தனை மணிக்குப் பேசுவேன் என்ற மூன்றை மட்டும் சொல். சொன்ன மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் காலில் வந்து "புதிதாக எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போ. பதற்றத்தில் இருப்பவர்களுக்கு நீ காணாமல் போவதுதான் பெரிய கோபம்.

ஸ்டேட்டஸ் பக்கத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதே. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வர்ஜீனியா ரீஜனில் எஸ்3 விழுந்தது. நமக்கு அப்போது இரவு 11 மணி தாண்டியிருந்தது. பில்லிங் தொடர்பான ஒரு கோளாறைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஊழியர் கொடுத்த கட்டளையில் ஒரு பிழை, எடுக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றுவிட்டன. நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்டேட்டஸ் பக்கத்தை மாற்றுகிற வசதியும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்ததால், முதல் இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சர்வீஸின் நிலையையும் அவர்களால் மாற்ற முடியவில்லை. அதனால் கஸ்டமரின் சொந்த கிராஃப் என்ன சொல்கிறது என்று முதலில் பார். அதிலும் சராசரியைப் பார்க்காதே. நூற்றில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று காட்டும் பி99-ஐப் பார். சராசரி கடைசிவரை "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, 2025 அக்டோபர் 20. நம் தீபாவளி நாள், மதியம் 12 மணி 18 நிமிடத்துக்கு வர்ஜீனியாவில் டைனமோடிபியின் டிஎன்எஸ் பதிவு காலியாகிவிட்டது. தானாக ஓடும் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தியதில் வந்த வினை. முழுதாகச் சீராக நமக்கு மறுநாள் அதிகாலை ஆகிவிட்டது. "நாங்க மும்பைலதானே இருக்கோம், எங்களுக்கு என்ன" என்று எந்தக் கஸ்டமராவது சொன்னால் இந்த நாளை நினைவுபடுத்து. சர்வர் மும்பையில் இருக்கலாம். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் ஓடிபி சேவை, லாகின் சேவை, அலர்ட் அனுப்பும் டூல் எல்லாம் எந்த ரீஜனில் ஓடுகின்றன? அந்தப் பட்டியலை அமைதியான ஒரு புதன்கிழமை மதியம் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து எழுது.

சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு, ஆனால் நேரத்தைத் தின்பவை அவைதான். வாட்ஸ்அப் குரூப்பில் "டவுன்" என்று போடுவது டிக்கெட் ஆகாது. கடிகாரம் ஓட ஆரம்பிப்பது டிக்கெட் போட்ட பிறகுதான். எண்டர்பிரைஸ் திட்டத்தில் மிக அவசர டிக்கெட்டுக்கு 15 நிமிடம் என்பது முதல் பதிலுக்கான நேரம், சரிசெய்து முடிப்பதற்கானது இல்லை. நீ சேர்ந்த முதல் மாதமே இதைக் கஸ்டமருக்கு எழுதிக் கொடுத்துவிடு. டிக்கெட்டில் ரீஜன், ரிசோர்ஸ் ஐடி, ரிக்வெஸ்ட் ஐடி மூன்றும் இருக்க வேண்டும். நேரம் எழுதும்போது ஐஎஸ்டியா யூடிசியா என்று குறிக்கச் சொல். லாக் எல்லாம் யூடிசியில் இருக்கும், மனிதர்கள் நம் நேரத்தில் பேசுவார்கள், அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். "ஏ ஸோன் போச்சு" என்று ஒருவர் சொன்னால் ஸோன் ஐடியைக் கேள். ஒரு அக்கவுண்டில் ஏ என்று தெரிவது இன்னொரு அக்கவுண்டில் பி-யாக இருக்கலாம்.

எல்லாம் அடங்கின பிறகு காரணத்தை எழுதிக் கேட்பார்கள், ஆர்சிஏ. உள்ளே இருக்கும் டீம் உனக்கு அனுப்புவது வழுக்கிக்கொண்டு போகிற இங்கிலீஷில் இருக்கும். அதை அப்படியே ஃபார்வர்ட் செய்வதற்கு நீ எதற்கு? எந்த நேரத்தில் என்ன நடந்தது, உங்கள் பக்கம் எது மாற வேண்டும், எங்கள் பக்கம் எது மாறும் என்று ஒரு பக்கத்தில் எழுது. நம் கம்பெனியின் தவறாக இருந்தால் பூசி மெழுகாமல் சொல்லிவிடு. ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டிய சர்வீஸ் கிரெடிட்டையும் நீயே நினைவுபடுத்து. அமேசானில் அது தானாக வராது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது பில் சுற்று முடிவதற்குள் கஸ்டமர் கேட்க வேண்டும். நிறைய பேருக்கு இது தெரியாது. தெரிந்தே சொல்லாமல் விடுகிற டாம்களும் உண்டு, நீ அந்தக் கூட்டத்தில் சேராதே.

விழுவதற்கு முன்னால்

மூன்று ஒன்பது, நாலு ஒன்பது என்பதை நிமிடமாக மாற்றிச் சொல்லப் பழகு. 99.9 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் விழலாம். 99.99 என்றால் நாலரை நிமிடம்கூட இல்லை. 99.9 உள்ள மூன்று பாகங்கள் ஒன்றை ஒன்று நம்பி வரிசையாக நின்றால், மாதத்துக்கு 2 மணி 10 நிமிடம் வரை போகலாம். "இரண்டு மணி நேரம் கடை மூடியிருந்தா எவ்வளவு நஷ்டம்?" என்று ஃபைனான்ஸ்காரரிடம் கேள். அவர் சொல்லும் தொகையை வைத்துத்தான் இன்னொரு ரீஜன் தேவையா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படாதவர்களிடம் வேண்டாம் என்றே சொல்.

பேமெண்ட் கம்பெனி என்றால் கூடுதல் ஜாக்கிரதை. ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவுப்படி பேமெண்ட் டேட்டா இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும். அதனால் பேக்கப் சிங்கப்பூரில் என்று வாய்தவறியும் சொல்லிவிடாதே. அமேசானுக்கு 2016 முதல் மும்பை, 2022 நவம்பர் முதல் ஹைதராபாத். கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய ரீஜன் நம் சென்னையிலேயே இருக்கிறது. செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவையும் படித்து வை. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக்கை 30 நாளில் அழித்துச் செலவைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்லப் போவதற்கு முன்னால் இது நினைவில் இருக்கட்டும்.

பண்டிகை சேலுக்கு ஆறு வாரம் முன்பே உட்கார்ந்துவிடு. லேம்டாவுக்கு ஒரு ரீஜனில் ஒரே நேரத்தில் 1000 என்பது தொடக்க வரம்பு. சர்வர் கோட்டாவும் அப்படித்தான், கேட்டால் கூட்டித் தருவார்கள், ஆனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஆட்டோ ஸ்கேலிங் இருக்கிறதே என்பார்கள். புது சர்வர் எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். நள்ளிரவு 12 மணிக்குக் கூட்டம் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். சீர்வரிசை வந்து இறங்கிய பிறகு பாய் விரிக்கத் தேடுவது மாதிரி ஆகிவிடும். பதினொன்றரைக்கே சர்வர்களை ஏற்றி வைக்கச் சொல்.

ஆட்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் க்யூபிஆர் மீட்டிங்குக்கு அறுபது ஸ்லைடு போடாதே. பெரியவர்கள் பார்ப்பது மூன்று: எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் விழுந்தது, போன முறை சொன்னதில் எது இன்னும் ஆகவில்லை. கடைசி வரியில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு முதல் நாளே சொல்லிவிடு, சபையில் வைத்துச் சொன்னால் பகை. சி.டி.ஓ.விடம் பேசுவதைப் போலவே ராத்திரி டியூட்டி பார்க்கும் சின்னப் பையனிடமும் பேசி வை. உண்மையில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

மீட்டிங்கில் உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பக்கத்தில் இருக்கும் ஆண் சகாவைப் பார்த்துக் கேட்பார்கள். இன்னமும் கேட்கிறார்கள். கோபப்படாமல் பதிலை நீ சொல், அடுத்த நாள் மினிட்ஸை உன் பெயரில் அனுப்பு. இரண்டு மூன்று முறையில் தலைகள் உன் பக்கம் திரும்பும். சகாவிடமும் சொல்லி வை, "அவங்களையே கேளுங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

நீ சொன்ன எச்சரிக்கையை அவர்கள் ஒத்திப்போட்டால், "இன்ன தேதியில் இதைச் சொன்னோம், இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள்" என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டு வை. மிரட்டுகிற தொனி வேண்டாம். அப்ரைசல் நேரத்தில் "நீ என்ன செய்தாய்" என்று கேட்கும்போதும் இந்த மெயில்கள்தான் பேசும், ஏனென்றால் நடக்காமல் தடுத்ததற்கு டிக்கெட் நம்பர் கிடையாது.

படிப்பைப் பற்றிக் கேட்டாய். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் ஆரம்பத்துக்குப் போதும். அதற்கு மேல் சர்டிஃபிகேட் சேர்ப்பதைவிட டிஎன்எஸ், டிசிபி, லினக்ஸ் மூன்றையும் ஆழமாகப் படி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கோட் எழுதுவதில்தான் உனக்குச் சந்தோஷம் என்றால் இந்த வேலை ஆறு மாதத்தில் அலுத்துவிடும், இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மனிதர்களோடு பேசிப் பேசியே ஒரு சிஸ்டத்தைச் சரிசெய்வது பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேர். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் மேனேஜரிடம் மூன்று விஷயம் கேள்: என் கையில் எத்தனை கஸ்டமர், வார இறுதியில் ஆன்-கால் உண்டா, உண்டென்றால் அதற்கு ஈடாக விடுமுறை உண்டா. வாயால் சொன்னால் போதாது, பதிலை மெயிலில் வாங்கு.