வெட்டினால்தான் வெளிச்சம்

தீபாவளி வாழ்த்து அட்டைகளை இந்த முறை கடையில் வாங்காமல், எங்கள் இளைஞர் மன்றமே லினோ அச்சில் செய்தது. குத்துவிளக்குப் படம் வெட்டும் பொறுப்பு எனக்கு. நான் பொறியியல் மாணவன். ஓவியம் படித்தவன் இல்லை. அதனால் செய்முறையோடு சேர்த்து எனக்குப் பட்டதையும் எழுதுகிறேன்.

லினோ என்பது லினோலியம். ஒரு காலத்தில் வீட்டுத் தரையில் விரித்தார்களே, அதேதான். 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் உருவாக்கியது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ரப்பர் மாதிரி இறுகும். அதோடு பிசினும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் அழுத்தினால் லினோலியம். மரப்பலகையில் நார் ஓட்டத்துக்கு எதிராக உளியை ஓட்டினால் சிராய் எழும். லினோவில் நார் ஓட்டமே கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் உளி வழுக்கிக்கொண்டு போகும். கல்லாக இருந்தால் ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். ஒன்று மட்டும் முக்கியம்: பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்கணும்.

வெட்டிய இடம் தாளில் வெள்ளை, வெட்டாத இடம் கறுப்பு. கேட்க சுலபம். ஆனால் பென்சிலில் நாம் இருட்டைத்தான் வரைந்து பழகியிருக்கிறோம். இங்கே வெளிச்சத்தை வரையணும். சுடரை வெட்டி எடுத்தால்தான் அது எரியும். 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டி நந்தலால் போஸ் செய்த காந்தியின் லினோ அச்சைத் தேடிப் பாருங்கள். முழுக் கறுப்பு, அதில் சில வெள்ளைக் கோடுகள், கையில் கோல். நடை தெரிகிறது. எத்தனை கோடுகளை அவர் வெட்டாமல் விட்டிருப்பார் என்றுதான் நான் யோசித்தேன்.

எனக்கும் அதுதான் பிரச்சினை. படத்தில் இருப்பது பாட்டியின் பித்தளை விளக்கு. பாட்டிக்கு இப்போது கண் மங்கல். போனில் படம் காட்டினால் "என்னமோ மஞ்சளா இருக்கு" என்பார். விளக்குத் தண்டில் உள்ள நுணுக்க வேலை எல்லாம் வெட்டினால் நண்பர்கள் பாராட்டுவார்கள், பாட்டிக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஆகவே தண்டுக்கு இரண்டே கோடு, மேலே அன்னம், பெரிய சுடர்கள். மற்றதெல்லாம் கறுப்பு.

"யூனியில லேசர் கட்டர் இருக்கே, ஏன்டா இந்தக் கஷ்டம்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் திரையில் கன்ட்ரோல்-ஸெட் இருக்கும்வரை நான் எதையும் முடிவு செய்வதில்லை, தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பேன். உளி லினோவில் இறங்கியாச்சு என்றால், அவ்வளவுதான்.

அச்சில் இடம் வலமாகும். விளக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், கவலை இல்லை. 'ஒளி' என்ற எழுத்துகளுக்குத்தான் வேலை. மெல்லிய தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து, பின்னாலிருந்து தேய்த்துப் பலகையில் இறக்கினேன். சுழிக்குள் மிஞ்சும் சின்னத் தீவுகளைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், பெயர்ந்து வந்துவிடும். அடி அகலமாகச் சரித்து வெட்டினால் நிற்கும், அணைக்கட்டு மாதிரி.

ரோலரால் மையை மெல்லிசாகத் தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தோம். நாற்பது அட்டைகள்.

முதல் அட்டையைப் பாட்டி கண்ணருகே வைத்து, "இது தெரியுது" என்றார். ஆனால் கேட்டு வாங்கியது பலகையைத்தான். விரலால் தடவி அன்னத்தைக் கண்டுபிடித்தார், பிறகு சுடர்களை எண்ணினார்.

"அஞ்சு முகத்துல மூணுதானே இருக்கு?"

"மத்த ரெண்டும் பின்னால இருக்கு பாட்டி."

"அதையும் ஏத்தினியா?"