திரையில் கோடுகள் தோன்றுவது ஏன்?

கைப்பேசி கைதவறி விழுகிறது. விசைப்பலகைமேல் பேனா கிடப்பதை அறியாமல் மடிக்கணினியை மூடிவிடுகிறோம். மீண்டும் இயக்கினால் திரையில் நேர்கோடுகள் தெரிகின்றன. அடிபட்டது ஒரு மூலைதான். கோடோ விளிம்பு வரை ஓடுகிறது. இதற்கான காரணம் திரையின் அமைப்பிலேயே உள்ளது.

முழு ஹெச்.டி. திரையில் 1,920 பத்திகளும் 1,080 வரிசைகளும் உண்டு. அவை சந்திக்குமிடங்களில் அமைந்த படப்புள்ளிகள் 20 லட்சத்துக்கும் மேல். அத்தனைக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பது இயலாது. ஆகவே, வரிசைக்கும் பத்திக்கும் பொதுவான நுண்ணிய மின்தடங்களைக் கண்ணாடியில் பதிக்கின்றனர். தெருவிலுள்ள வீடுகளெல்லாம் ஒரே குழாயில் குடிநீர் பெறுவதைப் போன்றது இது. தடம் ஓரிடத்தில் அறுந்தால், அதற்கு அப்பாலுள்ள புள்ளிகள் அனைத்தும் சமிக்ஞையை இழக்கின்றன. பத்தித் தடம் அறுந்தால் நெடுக்குக் கோடு; வரிசைத் தடம் அறுந்தால் கிடைக்கோடு.

இத்தடங்களை இயக்கும் சில்லுகள் திரையின் விளிம்பில் உள்ளன. ஒரு சில்லு நூற்றுக்கணக்கான தடங்களுக்குப் பொறுப்பு. அது பழுதானாலோ, அதன் இணைப்பு வெப்பத்தாலும் ஈரத்தாலும் தளர்ந்தாலோ, கீழே விழாத தொலைக்காட்சியிலும் அகன்ற பட்டை தோன்றும். எல்.சி.டி. திரையில் மை சிந்தியதுபோன்ற கருந்திட்டு தெரிந்தால், கண்ணாடி உடைந்து உள்ளிருக்கும் திரவப்படிகம் கசிந்துள்ளது என்று பொருள்.

பழுது எங்கே என்பதை நாமே ஓரளவு அறியலாம். கைப்பேசியில் திரைப்பிடிப்பு எடுத்து வேறொரு கருவியில் பார்ப்போம். அதில் கோடு இல்லையெனில் பழுது திரையிலோ அதன் இணைப்பிலோதான். சேமித்த தகவல்களில் இல்லை. மடிக்கணினியை வேறொரு திரையுடன் இணைத்தும் இவ்வாறே சோதிக்கலாம்.

கண்ணாடியில் அறுந்த தடத்தைச் சாதாரணப் பழுதுக்கடையில் ஒட்டவைக்க இயலாது. திரையையே மாற்ற வேண்டும். தளர்ந்த இணைப்பு நாடாவையோ சிறு செலவில் சீராக்கலாம். எனவே, முதலில் அதைச் சோதிக்கச் சொல்வோம். மதிப்பீட்டை எழுத்தில் பெற்று, புதிய கருவியின் விலையோடு ஒப்பிடுவோம். கீழே விழுந்து உடைந்த திரைக்குப் பொதுவாக உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்வோம்.

இன்னொன்று: திரைதான் பழுது, உள்ளே நம் வங்கிச் செயலி உயிரோடு இருக்கிறது. கைப்பேசியைக் கடையில் ஒப்படைக்குமுன் சிம் அட்டையைக் கழற்றிக்கொள்வோம். யூ.பி.ஐ. ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதிருப்போம். திரையை மாற்ற அந்த எண் தேவையே இல்லை.