கொடி ஏந்திய வாள்வீராங்கனை

ஜப்பான் என்றதும் சாமுராய்களின் வாள் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் மிசாகி எமுரா கையில் ஏந்தும் வாள் அதுவன்று. அது ஐரோப்பியக் குதிரைப் படையினர் சுழற்றிய சேபர் வாளின் வழி வந்தது.

வாள்வீச்சில் வாள்கள் மூவகைப்படும். ஃபாயில், எப்பே என்னும் இரண்டிலும் வாளின் நுனியால் குத்தினால்தான் புள்ளி. சேபரிலோ விளிம்பால் வெட்டினாலும் புள்ளி உண்டு. இடுப்புக்குக் கீழே பட்டால் கணக்கில்லை. உலோக இழை கலந்த மேலுடையில் வாள் பட்டவுடன் விளக்கு எரியும். இருவர் விளக்கும் ஒருங்கே எரிந்தால், தாக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று நடுவர் தீர்ப்புக் கூறுவார். ஒரு புள்ளி முடிய இரண்டொரு நொடிகளே போதும். கண் இமைத்தால் போயிற்று!

மிசாகி 1998-ஆம் ஆண்டு ஓயிதா மாநிலத்தில் பிறந்தார். தந்தை கோஜி எமுரா 1988 சியோல் ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஃபாயில் வீரர். தாயும் வாள் பிடித்தவரே. மகளும் முதலில் ஃபாயிலைத்தான் கற்றார், பின்னரே சேபருக்கு மாறினார். பெண்களுக்கான சேபர் போட்டி ஒலிம்பிக்கில் இடம் பெற்றதே 2004-இல்தான் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

2022-இல் கெய்ரோ நகரில் அவர் உலக வாகை சூடினார். தனிநபர் பிரிவில் அப்பட்டத்தை வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவரே. மறு ஆண்டு ஜூனில் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசியப் போட்டியின் காலிறுதியில் அவரை 15–10 என வீழ்த்தியவர் யார் தெரியுமா? நம் சென்னை பவானி தேவி! அத்தோல்விக்கு அடுத்த மாதமே மிசாகி மிலான் நகரில் மீண்டும் உலகப் பட்டத்தை வென்றார்.

பட்டங்களோடு புகழும் வளர்ந்தது. யூகி ஓட்டா 2008-இல் வெள்ளி வெல்லும் வரை வாள்வீச்சில் ஒலிம்பிக் பதக்கமே காணாத நாடு ஜப்பான். அந்நாடு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் கொடியை ஏந்தும் இருவருள் ஒருவராக ஒரு வாள்வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தது. பெருமைதான், ஆயினும் சுமையும்கூட. நாடே தங்கத்தை எதிர்பார்த்தபோது, தனிநபர் போட்டியில் தென் கொரியாவின் சோய் செபினிடம் 15–7 எனத் தோற்று, காலிறுதியைக்கூட எட்டாமல் வெளியேறினார். கொடி பிடித்த களைப்பில் தோற்றார் என்று சொல்வது எளிது, அது நியாயமன்று. சேபரில் உலக வீராங்கனையும் சில நிமிடங்களில் வீழக்கூடும் என்பதை வூஷியிலேயே கண்டோமல்லவா?

ஆனால் பாரிஸில் அவருடைய வேலை முடிந்துவிடவில்லை. ஐந்து நாட்கள் கழித்துக் குழுப் போட்டி வந்தது. அரையிறுதியில் உக்ரைனிடம் தோற்ற ஜப்பான் மகளிர், வெண்கலத்துக்காகப் பிரான்சை அதன் சொந்த மண்ணிலேயே எதிர்கொண்டனர். அரங்கம் முழுவதும் பிரான்சுக்கே ஆரவாரம். மிசாகியும் தோழியரும் 45–40 என வென்றனர். மகளிர் சேபரில் ஜப்பான் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.