வயதோடு நூறைக் கூட்டலாமா?

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்கு அப்போது வயது 66. கிளினிக்கில் இரத்த அழுத்தத்தை அளந்தபோது 164/92 என்று காட்டியது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வீட்டிற்கு வந்த பாட்டியோ, "வயசோட நூறைக் கூட்டிப் பாரு, 166 வருது. எனக்கு ரெண்டு குறைச்சல்தானே!" என்று சிரித்துக்கொண்டே மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டார். மறு ஆண்டு இலேசான பக்கவாதம் வந்தது. இன்றும் அவரால் வலக்கையால் தேநீர்க் குவளையை உறுதியாகப் பிடிக்க முடிவதில்லை.

இந்தக் கணக்கு பாட்டி கண்டுபிடித்ததன்று. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லி வந்ததுதான். பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் கோயில் வாசல்களிலும் நம் பெரியவர்கள் பேசிக்கொள்ளும்போது இன்றும் இது காதில் விழும். இக்கணக்கு ஏன் தவறு, ஒவ்வொரு வயதிலும் நலமான அளவு எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு எண்கள்

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது இரத்தக் குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தமே மேல் அளவு. இதயம் தளர்ந்து மீண்டும் இரத்தத்தால் நிரம்பும்போது குழாயில் இருக்கும் அழுத்தம் கீழ் அளவு. இரண்டும் மில்லிமீட்டர் பாதரசத்தில் கணக்கிடப்படுகின்றன.

எந்த வயதிற்கு எந்த அளவு?

குழந்தைகளின் இரத்த அழுத்தம் பெரியவர்களைவிடக் குறைவு. வளர வளர அது கூடும். எனவே, அவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்ல இயலாது. பிள்ளையின் வயது, பால், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்வார்.

18 வயதைத் தாண்டியவர்களுக்கு நிலை வேறு. நம் நாட்டின் 2018-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியின்படி 120/80-க்குக் கீழே இருப்பதே மிகச் சிறந்தது. மேல் அளவு 130 முதல் 139 வரை, அல்லது கீழ் அளவு 85 முதல் 89 வரை இருந்தால் கவனம் தேவை. மேல் அளவு 140-ஐயோ கீழ் அளவு 90-ஐயோ எட்டி, அது மறு சோதனைகளிலும் தொடர்ந்தால் இரத்தக் கொதிப்பு எனப்படும். 22 வயது மாணவருக்கும் 66 வயது பாட்டிக்கும் இதே எல்லைதான். அமெரிக்க வழிகாட்டி 2017 முதல் 130/80-லேயே எல்லையை வகுத்துவிட்டது. கர்ப்பிணிகள் 140/90-ஐ எட்டினாலே தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும்.

80 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் நம் வழிகாட்டி சிகிச்சையின் இலக்கை 150/90-க்குக் கீழ் எனச் சற்றுத் தளர்த்துகிறது. அழுத்தம் அதிகமாகக் குறைந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும் என்பதால் இந்தக் கவனம். அதற்காக மருந்தே வேண்டாம் என்று பொருளில்லை. 80 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஹைவெட் ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பும் இதயச் செயலிழப்பும் குறைந்தன.

ஏறுவது இயற்கையா?

வயது கூடும்போது பெருந்தமனி தன் மீள்தன்மையை இழந்து விறைக்கிறது. அதனால் மேல் அளவு ஏறுகிறது. ஏறக்குறைய அறுபது வயதிற்குப் பின் கீழ் அளவு இறங்கவும் செய்கிறது. முதியவர் ஒருவருக்கு 165/78 என்று வந்தால், 'கீழே சரியாக இருக்கிறதே' என்று விட்டுவிடக் கூடாது. அதுவும் இரத்தக் கொதிப்புதான்.

அப்படியானால், வயதானால் ஏறத்தானே செய்யும் என்று கேட்கலாம். 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தது. உப்பை ஏறக்குறைய அறியாத பிரேசில் காட்டு மக்களான யானொமாமிகளின் சராசரி அழுத்தம் 100/65-ஐக்கூட எட்டவில்லை. வயது கூடியபோதும் அது ஏறவில்லை. ஆக, பலரிடம் காணப்படுவது வேறு, நலமானது வேறு. 'வயதோடு நூறு' என்ற கணக்கு இவ்விரண்டையும் குழப்பிவிடுகிறது.

நம் தட்டும் நம் பொறுப்பும்

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் ஆகியவற்றோடு, விடுதி அறையில் நள்ளிரவில் நாம் கிண்டும் மேகி மீயும் இக்கணக்கில் சேரும்.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 30 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. வலியோ காய்ச்சலோ இல்லாமல் வரும் நோய் இது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

அளப்பதிலும் முறை உண்டு. அதற்கு முந்திய அரை மணி நேரம் காப்பியும் சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால்களைப் பின்னாமல், ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளப்பது நல்லது. வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே எல்லை.

பாட்டி இப்போது தவறாமல் மாத்திரை உண்கிறார். இடக்கையால் கோணல்மாணலாக எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். கடைசியாக நான் பார்த்தபோது 134/76 என்றிருந்தது. மாணவ நண்பர்களே, அடுத்த தீபாவளிக்கு வீடு திரும்பும்போது பலகாரத்தில் கை வைக்கும் முன் பெற்றோரின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். பிறகு உங்களுடையதையும் அளந்துகொள்ளுங்கள். யாராவது வயதோடு நூறைக் கூட்டினால், அன்போடு திருத்துங்கள்.