குளிர்பதனியின் மறுபாதி: வீட்டில் பொருத்தும் முறையும் அதன் அறிவியலும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் தடாவை அடைகிறது. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே 2008இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம். டைகின், புளூ ஸ்டார் ஆகிய நிறுவனங்களின் குளிர்பதனித் தொழிற்சாலைகள் 2023ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்கி வருகின்றன. எல்.ஜி. நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு 2025 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பெற்றது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறம், இவ்வாறு வீட்டுக் குளிர்பதனிகளின் பிறப்பிடங்களுள் ஒன்றாகியிருக்கிறது.

எனினும், 'ஏ.சி.' எனப் பேச்சில் வழங்கும் இவ்வியந்திரம் தொழிற்சாலை வாயிலைக் கடக்கும்போது பாதியளவே முடிந்திருக்கிறது. அதன் இரு பெட்டிகளையும் குழாயால் இணைத்து, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் நீக்கும் பணி வீட்டுச் சுவரருகேதான் நிறைவு பெறுகிறது. அந்த மறுபாதியைச் செய்பவரின் கவனமே இயந்திரத்தின் ஆயுளையும் மின்செலவையும் பாதுகாப்பையும் பெருமளவில் தீர்மானிக்கிறது. ஆகவே, அப்பணியில் வீட்டாரே செய்யத்தக்கது எது, பயிற்சி பெற்றவரிடம் விடவேண்டியது எது என்பதைக் காரணத்தோடு அறிதல் நன்று.

இரு பெட்டிகள், ஒரே சுற்று

அறையினுள் ஒரு பெட்டியும் வெளியே ஒரு பெட்டியும் அமைவதால் இவ்வகை 'ஸ்பிளிட்' எனப் பெயர் பெற்றது. பெரிய கட்டடங்களில் குளிர்ந்த காற்றைக் கொண்டுசெல்லும் அகன்ற தகட்டுக் குழாய் இதற்குத் தேவையில்லை. இரு பெட்டிகளுக்கும் இடையே மெல்லியதும் பருத்ததுமான இரு செம்புக் குழாய்கள், மின்கம்பி, நீர் வடிகுழாய் ஆகியவை மட்டுமே செல்கின்றன.

செம்புக் குழாயில் ஓடும் குளிர்பதனப் பொருளைத் தொழிலாளர் 'கேஸ்' என்பர். இன்று பரவலாக வழங்கும் ஆர்-32 என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மைனஸ் 52 டிகிரி செல்சியசிலேயே கொதிப்பது. உட்பெட்டியின் சுருள்குழாயில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி அவ்வாவியை அழுத்தி வெளிப்பெட்டிக்கு அனுப்ப, அங்கு அது வெப்பத்தை வெளியேவிட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வழியினூடே அழுத்தம் குறைந்து மீண்டும் உட்பெட்டியை அடைகிறது. வீட்டுக் குளிர்பதனிகள் பலவற்றில் இக்குறுகிய வழி வெளிப்பெட்டியிலேயே அமைந்திருப்பதால், குழாய்கள் இரண்டும் குளிர்ந்திருக்கும். எனவே இரண்டிற்கும் தனித்தனியே வெப்பக்காப்பு உறை இடவேண்டும். ஒன்றை மட்டும் மூடினால் மற்றதன்மேல் நீர் கோத்துச் சுவர் நனையும்.

அளவும் இடமும்

குளிர்பதனியின் திறன் 'டன்' என்னும் அலகால் குறிக்கப்படுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது கவரும் வெப்பமே ஒரு டன் குளிர்த்திறன். இது 3.5 கிலோவாட்டுக்குச் சமம். பனிக்கட்டியே குளிர்ச்சிக்கு வழியாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்ததே சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ். 1.5 டன் குளிர்பதனி என்பது எடையைக் குறிப்பதன்று; நாளொன்றுக்கு ஒன்றரை டன் பனிக்கட்டி செய்யக்கூடிய பணியைக் குறிப்பது.

அறையின் பரப்பு மட்டுமன்றி, மேற்கு வெயில், மேல்தளம், சன்னல்கள், இருப்போர் தொகை ஆகியவற்றையும் கருதித் திறனைத் தேர்தல் வேண்டும். தேவைக்கு மிகுந்த திறனுடைய இயந்திரம் அறையை விரைவில் குளிரச் செய்து நின்றுவிடும். ஈரத்தை நீக்கப் போதிய நேரம் பெறாது. தடா போன்ற கரையோர ஊர்களில் இக்குறை பெரிதும் புலப்படும்.

வெளிப்பெட்டி காற்றோட்டமுள்ள இடத்தில் அமைதல் வேண்டும். அது விடும் வெப்பக் காற்று மீண்டும் அதனுள்ளேயே புகுமாயின் மின்செலவு உயரும். உப்புக் காற்று செம்பையும் அலுமினியத் தகடுகளையும் அரிக்குமாதலால், கடலும் உப்பங்கழியும் அடுத்த ஊர்களில் அதனைக் கடற்காற்று நேரே தாக்காத பக்கத்தில் வைத்தலும், துருவேறாத திருகாணிகளை இடுதலும், தகடுகளை அவ்வப்போது நன்னீரால் கழுவுதலும் பயன் தரும்.

வீட்டாரே செய்யத்தக்கவை

இடம் குறித்தல், உட்பெட்டியைத் தாங்கும் தகட்டைப் பொருத்துதல், சுவரில் துளையிடுதல், வடிகுழாய் அமைத்தல் ஆகியவை கொத்தனார் வேலையறிந்த எவரும் செய்யக்கூடியவை. தகடு ரசமட்டத்தால் சரிபார்க்கப்படவேண்டும். துளையிடுமுன் அவ்விடத்தில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ இல்லை என உறுதி செய்துகொள்க. துளை ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் விட்டமுடையதாய், வெளிப்புறம் சற்றே தாழ்ந்து சரிதல் வேண்டும்.

ஈரமிகுந்த நாளில் 1.5 டன் இயந்திரம் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை நீரை வடிக்கக்கூடும். வடிகுழாய் இடையில் எங்கும் மேலெழாமல் தொடர்ந்து சரிந்து செல்லவேண்டும். சுவரை மூடுமுன் உட்பெட்டியின் தட்டில் ஒரு குவளை நீரூற்றிப் பார்த்தால் குறை உடனே தெரிந்துவிடும். பொருத்திய பின் எழும் முறையீடுகளுள் நீர்க் கசிவு அடிக்கடி காணப்படுவது. அதனைத் தடுக்க ஒரு குவளை நீர் போதும்.

குழாய் இணைப்பு

இங்கிருந்து பணி நுட்பமாகிறது. செம்புக் குழாயை ரம்பத்தால் அறுத்தலாகாது. துகள்கள் உள்ளே விழும். சுழல்வெட்டியால் வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறு நீக்க வேண்டும். நட்டை முதலில் குழாயில் கோத்த பின்னரே வாயை விரிக்க வேண்டும்; புதியவர் இவ்வரிசையை மறத்தல் இயல்பு. விரிந்த வாயைத் தொழிலாளர் 'ஃபிளேர்' என்பர். அதில் கீறலோ கோணலோ இருத்தல் கூடாது. நட்டை முறுக்கும் விசைக்கும் அளவுண்டு: கால் அங்குலக் குழாய்க்குப் பொதுவாக 14 முதல் 18 நியூட்டன் மீட்டர். குறைந்தால் கசிவு, மிகுந்தால் செம்பு நசுங்கி மீண்டும் கசிவு. ஆதலின் விசையளக்கும் ஸ்பானரைக் கையாளுதல் வேண்டும்.

இணைத்த பின் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா எனப் பார்ப்பர். நைட்ரஜனுக்கு மாறாக ஆக்சிஜனை ஒருபோதும் செலுத்தலாகாது. அமுக்கியின் எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடி நிகழும், உயிர்ச்சேதம் விளையும்.

வெற்றாக்கல்: தவிர்க்கக்கூடாத படி

புதிய குழாயிலும் உட்பெட்டியிலும் காற்று நிறைந்திருக்கும். அக்காற்று வெளிப்பெட்டியில் திரவமாவதில்லை; இடத்தை அடைத்து அழுத்தத்தை உயர்த்தி மின்செலவைப் பெருக்கும். காற்றிலுள்ள ஈரமோ அதனினும் கொடியது. குறுகிய வழியில் உறைந்து ஓட்டத்தைத் தடுக்கும். அமுக்கியின் எஸ்டர் வகை எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாக்கும். அமிலம் கம்பிச் சுற்றுகளைத் தின்றபின் இயந்திரம் பழுதாகும்போது, முதல் நாள் செய்த பிழையை எவரும் நினைப்பதில்லை.

இதனைத் தவிர்க்கும் வழி வெற்றிடப் பம்பு. 30 டிகிரி செல்சியசில் நீர் கொதிக்க வேண்டுமாயின் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் குறைய வேண்டும். பம்பு அதனினும் மிகத் தாழ்த்தி, அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருகிறது. அந்நிலையில் குழாயிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். பின்னர்ப் பம்பை மூடிச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அளவி ஏறாமல் நின்றால் மட்டுமே வெளிப்பெட்டியின் வால்வுகளைத் திறந்து குளிர்பதனப் பொருளை உள்ளே விடலாம்.

பம்பு கொண்டுவராத சிலர், வெளிப்பெட்டியிலுள்ள 'கேசை'ச் சிறிது திறந்துவிட்டு, அதனால் காற்றைத் தள்ளிவிட்டதாகக் கருதுவர். இதனால் ஈரம் நீங்குவதில்லை. குளிர்பதனப் பொருளின் அளவும் குறைகிறது. ஆர்-32 மெல்லத் தீப்பற்றும் இயல்பினது என்பதும், நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோகிராம் 675 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஒப்ப வெப்பத்தைத் தேக்குவது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. 2016ஆம் ஆண்டுக் கிகாலித் திருத்தத்தை 2021இல் ஏற்ற இந்தியா, இவ்வகைப் பொருள்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டிருக்கிறது. 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் பழுதுபார்ப்போர்க்குப் பயிற்சியும் சான்றும் அளித்தலை இலக்காகக் கூறியதன் பொருள் இதனால் விளங்கும்.

ஆகவே ஃபிளேர் இணைப்பு, வெற்றாக்கல், தனி மின்சுற்றும் நில இணைப்பும் அமைத்தல், உயர்ந்த சுவரில் வெளிப்பெட்டியைத் தொங்கவிடுதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விடுதல் வேண்டும். வீட்டார் அருகிருந்து, பம்பு இணைக்கப்பட்டதா, அளவி நின்றதா எனக் கேட்டறிதல் அவர்தம் உரிமை. கேள்வி கேட்பவர் வீட்டில் குறுக்கு வழி எளிதில் நுழையாது.

இயக்கத்தில் சிக்கனம்

நட்சத்திரக் குறியுடைய அறைக் குளிர்பதனிகள், 2020 ஜனவரி முதல் 24 டிகிரியைத் தொடக்க வெப்பநிலையாகக் கொண்டு வெளிவருகின்றன. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது. 24 டிகிரியோடு மின்விசிறியையும் இயக்குதல் பெரும்பாலோர்க்குப் போதுமானது.

வகுப்பறைச் சோதனை

ஊசி நீக்கிய பீச்சுகுழலில், கொதிக்கவைத்துப் பின் 60 டிகிரி அளவுக்கு ஆறிய நீரைக் கால் பங்கு எடுத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுக. முனையை மூடியால் அடைத்து, தண்டைப் பின்னோக்கி விசையுடன் இழுக்க, நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். தண்டை விட்டதும் கொதிப்பு அடங்கும். முன்னரே கொதித்த நீரானதால், குமிழிகள் கரைந்திருந்த காற்றினால் எழுந்தவை என்னும் ஐயம் பெரிதும் நீங்கும். சுடுநீரை ஆசிரியரே கையாளுதல் வேண்டும். சுவரருகே பம்பு செய்யும் பணியை மாணவர் இச்சிறு குழலில் காண்பர்.

வினாக்கள்

1. செம்புக் குழாய்கள் இரண்டிற்கும் தனித்தனி உறை தேவைப்படுவது ஏன்?

2. குழாயினுள் தங்கிய காற்று, ஈரம் ஆகிய இரண்டின் தீமைகளை வேறுபடுத்தி எழுதுக.

3. கசிவுச் சோதனைக்கு ஆக்சிஜனைச் செலுத்தலாகாது என்பதன் காரணம் யாது?

4. உங்கள் ஊரில் குளிர்பதனி பொருத்தப்பட்ட மூன்று வீடுகளின் வெளிப்பெட்டி அமைந்த திசை, காற்றோட்டம், துரு ஆகியவற்றைக் கண்டு குறிப்பெழுதுக.